சுருட்டுக்கு வயசு ஏறினால் ருசியும் ஏறுமா? தெரியுமா உங்களுக்கு?

கியூபா சுருட்டுப் பெட்டி ஒன்று கைக்கு வந்தால், விஷயம் தெரிந்தவர் முதலில் மூடியைத் திறக்கவே மாட்டார், தெரியுமா? பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைத்தான் பார்ப்பார்! 1985 முதல் கியூபாவிலிருந்து வெளிவரும் பெட்டிகளின் அடியில், சுருட்டு அடைக்கப்பட்ட மாதமும் ஆண்டும் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். அதுவும் பல ஆண்டுகள் சங்கேதத்தில்! 'நிவெல் அகுசோ' என்ற இரண்டு ஸ்பானியச் சொற்கள்தான் சாவி. ஸ்பானிய எழுத்தில் அதற்குப் பத்து எழுத்து, ஒன்றுபோல் இன்னொன்று கிடையாது. முதல் எழுத்து 'என்' வந்தால் 1, இரண்டாவது 'ஐ' வந்தால் 2, அப்படியே போய்க் கடைசி எழுத்து 'ஓ' வந்தால் 0. அடிப்பலகையில் 'ஓ, ஏ, எஸ், சி' என்று இருந்தால் 0697. அதாவது 1997 ஜூன்! தொழிற்சாலை தன் வசதிக்கு வைத்துக்கொண்ட இந்த ரகசியத்தை வாடிக்கையாளர்கள் உடைத்துவிட்டார்கள். இப்போது ஒளிவுமறைவு கிடையாது. மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் பளிச்சென்று நிற்கின்றன.

தேதிக்கு ஏன் இத்தனை அலைச்சல்? ஒரே பெயர், ஒரே நீளம், ஒரே பருமன், ஒரே தொழிற்சாலை. ஆனால் ஒரு வயசுச் சுருட்டும் பதினைந்து வயசுச் சுருட்டும் வாயில் வைத்தால் இரண்டு வேறு சரக்கு! புதுப்புளிக்கும் பழம்புளிக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயசாக ஆக ருசி கூடிக்கொண்டே போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது கழித்தல் கணக்கு! முதலில் அமோனியா போகிறது. அப்புறம் துவர்ப்பு போகிறது, காரம் போகிறது, நிக்கோட்டினின் குத்தல் தணிகிறது. இத்தனை நாள் அவற்றின் அடியில் மறைந்து கிடந்த மணம் அப்போதுதான் தலைகாட்டுகிறது. அதோடு கழித்தல் நிற்குமா என்றால் நிற்காது. விட்டுவைத்தால் அந்த மணமும் ஒருநாள் கிளம்பிப் போய்விடும். இதைக் கடைக்காரர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை!

கதை பெட்டியில் தொடங்கவில்லை, வயலில் தொடங்குகிறது. கியூபாவின் மேற்கு முனையில் பினார் தெல் ரியோ மாகாணம். அதற்குள் வுவெல்டா அபாஹோ என்ற வட்டாரம். சிவந்த மணற்பாங்கான மண். உலகில் பெயர்பெற்ற ஹவானா சுருட்டின் உயிர் இங்கேதான் விளைகிறது. ஒரே செடியின் இலைக்குள்ளேயே சாதி பிரித்துவிடுவார்கள், தெரியுமா? அடியில் நிழலில் வளர்ந்தது 'வொலாடோ': ருசி குறைச்சல், ஆனால் நன்றாகத் தீப்பிடிக்கும். நடுவில் 'செகோ': மணத்துக்கு. உச்சியில் வெயிலை முழுசாக வாங்கியது 'லிஹெரோ': காரத்துக்கு, மெல்லத்தான் எரியும். மேலே சுற்றுகிற போர்வை இலைக்கோ தனித் தோட்டம்! வெயில் நேரே படாமல் வயல் முழுக்க மெல்லிய துணிப்பந்தல் போட்டு வளர்க்கிறார்கள்.

பறித்த இலையை நூலில் கோத்துக் கழிகளில் தொங்கவிடும் கொட்டகையைக் கிழக்கு மேற்காகத்தான் கட்டுவார்கள். ஏன் தெரியுமா? காலை வெயில் ஒரு முனையிலும் மாலை வெயில் மறு முனையிலும் மட்டும் பட்டால் போதும். நடுவெயில் பெரிய பக்கச் சுவரில் விழக்கூடாது! பச்சை போய் மஞ்சளாகி, மஞ்சள் போய்ப் பழுப்பாக ஏறக்குறைய ஐம்பது நாள். 2022 செப்டம்பரில் இயன் புயல் பினார் தெல் ரியோவில் கரையேறியபோது ஆயிரக்கணக்கான கொட்டகைகள் சரிந்து விழுந்தன. ஒரு புயலின் விலையைச் சுருட்டு உலகம் பல ஆண்டுகள் தள்ளித்தான் முழுசாகக் கொடுக்கும். இலை அத்தனை நாள் காத்திருந்துதான் சுருட்டாகிறது.

அடுத்துதான் அசல் வேடிக்கை. காய்ந்த இலையை ஈரம் காட்டிக் குவியல் குவியலாக அடுக்கித் துணி போட்டு மூடிவிடுவார்கள். அடுப்பு கிடையாது, நெருப்பு கிடையாது, குவியல் தானாகச் சூடேறும்! நடுவில் கோல் செருகிச் சூடு பார்ப்பார்கள். அளவுக்கு மீறினால் குவியலைக் கலைத்து, ஆறவிட்டு, மறுபடி அடுக்குவார்கள். இந்தச் சூட்டில் இலையின் புரதம் உடைந்து அமோனியாவாக வெளியேறுகிறது. நிக்கோட்டினிலும் ஒரு பங்கு போகிறது. மற்றச் சுருட்டுகளின் இலைகளுக்கெல்லாம் இரண்டு முறை இந்தப் பாடம் என்றால், கொஹீபா என்ற ரகத்தின் செகோ, லிஹெரோ இலைகளுக்கு மரப்பீப்பாய்க்குள் மூன்றாவது முறையும் உண்டு. அதனாலேயே அதன் புகை வழுவழுவென்று இருக்கிறது என்பது ரசிகர்கள் வாதம். (இந்தக் கொஹீபா 1966இல் ஃபிடல் காஸ்ட்ரோவுக்காக உருட்டப்பட்டது. 1982 வரை கடையில் கிடையாது, பிறநாட்டுத் தலைவர்களுக்குப் பரிசாக மட்டும்தான் போனது!)

பாடம் முடிந்த இலையை மூட்டை கட்டிக் கிடங்கில் போடுகிறார்கள். லிஹெரோ குறைந்தது இரண்டு ஆண்டு அங்கே தூங்கும். ஆக, உருட்டுவதற்கு முன்பே சுருட்டுக்குள் இரண்டு மூன்று வயசு ஏறிவிட்டது!

உருட்டுகிற கூடத்தில் கருவி என்று பார்த்தால் ஒரு பலகை, 'சவேதா' என்ற பிறைக்கத்தி, கொஞ்சம் பசை. கூடவே, உயர்ந்த மேடையில் உட்கார்ந்து தொழிலாளிகளுக்கு நாளிதழும் நாவலும் வாசித்துக் காட்டும் ஓர் ஆள். 1865இல் ஹவானாவில் தொடங்கிய வழக்கம் அது! தூமாவின் நாவல் தொழிலாளிகளுக்கு அத்தனை பிடித்துப்போனதால்தான் 1935இல் ஒரு சுருட்டுக்கு மொன்டெக்ரிஸ்டோ என்றே பெயர் விழுந்தது என்பார்கள்.

இனி வருவதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி. கியூபா சுருட்டுக்கு நோய்க்காலம் என்று ஒன்று உண்டு, தெரியுமா? உருட்ட வேண்டுமானால் இலை வளைய வேண்டும். வளைய வேண்டுமானால் ஈரம் காட்ட வேண்டும். ஈரம் பட்டதும், அடங்கிக் கிடந்த பாடம் மறுபடி கண் விழிக்கிறது! உருட்டிய சுருட்டைத் தொழிற்சாலையிலேயே மர அலமாரி அறையில் சில வாரம் ஆறவைத்துத்தான் பெட்டியில் அடைக்கிறார்கள். ஆனால் முழு அமோனியாவும் அதற்குள் போய்விடுவதில்லை. பெட்டி உங்கள் கைக்கு வந்த பிறகும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பற்ற வைக்காத சுருட்டின் வெட்டுமுனையை மூக்கருகே கொண்டுபோனால் தெரியும்: மாட்டுக்கொட்டில் வாடை மெதுவாக வரும், அதற்குப் பின்னால் மூக்கின் உள்ளே சுள்ளென்று ஓர் ஊசி! பற்ற வைத்தால் நாக்கின் ஓரங்களில் உலோகக் கசப்பு, தொண்டையில் கரகரப்பு. இதனால்தான் பழம்பெருச்சாளிகள் இரண்டில் ஒன்று சொல்வார்கள்: உருட்டிய சூட்டோடு சில வாரத்துக்குள் குடி, இல்லையா, ஓராண்டு இரண்டாண்டு கண்ணில் படாமல் வைத்துவிடு. நடுவில் தொடாதே!

ஹாங்காங்கிலிருந்து 2003இல் ஒரு தடித்த கலைக்களஞ்சியம் வந்தது. கியூபாப் புரட்சிக்குப் பிந்தைய ஹவானா சுருட்டுகளைப் படத்தோடு விவரிக்கும் அந்த நூலில் மின் ரான் நீ என்பவர் சுருட்டின் வாழ்க்கையையே பருவம் பிரித்து வைத்திருக்கிறார். நோய்க்காலம், முதல் முதிர்ச்சி, இரண்டாம் முதிர்ச்சி, மூன்றாம் முதிர்ச்சி! முதல் முதிர்ச்சியில் அமோனியா முற்றிலும் ஓய்கிறது. இரண்டாவதில் துவர்ப்பு உருகுகிறது. திராட்சை மதுவில் நடப்பதற்கு உறவான வேலை அது. மூன்றாவது, இருபது ஆண்டு தாண்டி வருவது. காரம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது, மெல்லிய மணம் மட்டும். எல்லாச் சுருட்டுக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாக்குக்கு இது எப்படித் தெரிகிறது? பர்தகாஸ் லூசிடானியாஸ் என்ற சுருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 194 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண் நீளம்! இளசாக இருக்கும்போது மிளகுக் காரமும் ஈரமண் வாடையுமாக மல்லுக்கு நிற்கும். ஐந்தாறு ஆண்டில் மிளகு பின்வாங்கி மரமும் வறுத்த காப்பிக்கொட்டையும் முன்னுக்கு வரும். பதினைந்து இருபதில் கட்டன் தேநீர், உலர்ந்த பழம், சில நேரம் பூமணம்கூட என்பார்கள்.

பூமணம் என்றதும் இது ரசிகர்கள் விடும் கதை என்று சிரிக்காதீர்கள். வேதியியல் இருக்கிறது! கேரட்டுக்கு நிறம் தருகிற கரோட்டினாய்டு குடும்பம் புகையிலை இலையிலும் உண்டு. அது மெல்ல மெல்ல உடையும்போது டாமசினோன், அயனோன் போன்ற மணப்பொருள்கள் பிறக்கின்றன. ரோஜா எண்ணெய்க்கு மணம் தருவதில் டாமசினோனுக்குப் பெரிய பங்கு. கறுப்புத் தேயிலையிலும் இவை இருக்கின்றன. பழைய ஹவானாவில் தேநீரும் பூவும் மணக்கிறது என்கிறவர் மூக்கு பொய் சொல்லவில்லை! கழித்தல் கணக்கில் வரவு எழுதக்கூடிய சில்லறை இதுதான்.

ஆனால் எல்லாவற்றையும் பூட்டி வைத்துக் கிழடாக்கினால் நஷ்டம்தான். பொலிவர், பர்தகாஸ், ரமோன் அயோனெஸ் போன்ற முரட்டு ரகங்களில் கழிக்கச் சரக்கு நிறைய இருக்கிறது, அவை தாங்கும். ஓயோ தெ மொன்டெரேய் மாதிரி மென்மையான ரகத்தில் மூலதனமே குறைவு. பத்து பதினைந்து ஆண்டு போனால் சூடான காற்றைக் குடிப்பதுபோல ஆகிவிடும் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பழசு என்றாலே உசத்தி என்று பணத்தைக் கொட்டுவது என் கணக்கில் வெறும் கௌரவச் செலவு!

சுருட்டு வைக்கும் பெட்டி எந்த மரம் தெரியுமா? 'ஸ்பானிஷ் சீடர்' என்பார்கள். அது ஸ்பெயின் மரமும் அல்ல, சீடரும் அல்ல! செட்ரெலா ஒடொராட்டா என்ற அமெரிக்க வெப்பமண்டல மரம். குடும்பம்? நம் வேப்பமரக் குடும்பம்! மகோகனியும் அதே வகையறாதான். ஈரத்தை வாங்கி வைத்து மெதுவாக விடும், மணமும் தரும். பெட்டியில் பகட்டான ரகம் காகிதம் ஒட்டி, படம் போட்டு, இரண்டு வரிசையாக அடுக்கியது. இன்னொன்று காகிதமே இல்லாத வெறும் மரப்பெட்டி. உள்ளே ஐம்பது சுருட்டைப் பட்டுநாடாவால் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருப்பார்கள். நாள்பட வைக்க நினைப்பவர்கள் தேடுவது இந்த இரண்டாவதைத்தான்.

புத்தகக் கணக்குப்படி 70 விழுக்காடு ஈரப்பதம், 21 டிகிரி செல்சியஸ். கியூபாச் சுருட்டைப் பல ஆண்டு பொத்திவைக்கிறவர்கள் இதிலும் கொஞ்சம் இறக்கி 65, 62 என்று வைத்துக்கொள்கிறார்கள். சூடு கூடினால் முதிர்ச்சி விரைவாகும், ஆனால் மணமும் கூடவே ஓடிவிடும். ஈரம் கூடினால் பூஞ்சை! வெள்ளைப் பொடி பூத்தது மாதிரி தெரிந்தால் எண்ணெய் படிகமாகி மேலே வந்திருக்கிறது, நன்றாக முதிர்ந்ததன் அடையாளம் என்று தலைமுறை தலைமுறையாகப் பெருமை பேசினார்கள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது பூஞ்சையாகவே தெரிந்தது! இன்றும் அதை நம்பித் தடவித் துடைத்துப் புகைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பூஞ்சைகூடப் பரவாயில்லை, வண்டு விழுந்தால் தீர்ந்தது. சிகரெட் வண்டு என்று பெயர், ஏறக்குறைய எள் அளவுதான். கண்ணுக்குத் தெரியாத முட்டை, வெப்பம் ஏறியதும் பொரிகிறது. புழு உள்ளேயே சுரங்கம் தோண்டித் தின்று, வண்டாகி, ஊசித் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். பெட்டியில் ஒன்றுக்கு வந்தால் இருபத்தைந்துக்கும் ஆபத்து! இது ஏதோ கியூபாவின் தனிப் பூச்சி என்று நினைக்க வேண்டாம். ஈரோட்டு மஞ்சள் கிடங்கில் மஞ்சளைத் துளைப்பதும், நம் சமையலறை மல்லி டப்பாவைத் திறந்தால் ஓடுவதும் இதே வண்டுதான்! எகிப்தில் துட்டன்காமன் கல்லறையிலும் இதன் எச்சம் கிடைத்திருக்கிறது. ஹவானாவில் இப்போது ஏற்றுமதிக்கு முன்பு சுருட்டுகளை உறைகுளிரில் வைத்து வண்டுக்கு வழியில்லாமல் செய்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இத்தனை ஆண்டு வைத்திருந்து காரம் போய்விட்டதே, கெடுதலும் போயிருக்குமா? போகாது! புற்றுநோய்க்குக் காரணமான நைட்ரோசமைன்கள் பாடம் போடும்போதும் இலை ஊறிக் கிடக்கும்போதும்தான் உருவாகின்றன. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்க முடியும். புகையை உள்ளிழுக்காமல் வாயிலேயே வைத்து விட்டாலும் நிக்கோட்டின் வாய்ச் சவ்வு வழியே ஏறிவிடும். தொண்டைக்கு மிருது என்றால் உடம்புக்கும் மிருது என்று பொருளில்லை.

வயசான சுருட்டின் மேல் முதலில் பைத்தியம் பிடித்தது பிரிட்டிஷ்காரர்களுக்குத்தான். லண்டன் கடைகள் வாடிக்கையாளரின் சுருட்டைத் தங்கள் அறையிலேயே ஆண்டுக்கணக்கில் பூட்டிப் பாதுகாக்கும். 1941இல் ஜெர்மன் குண்டு டன்ஹில் கடையைச் சிதைத்த இரவில், மேலாளர் பிரதமர் சர்ச்சிலுக்குத் தொலைபேசி போட்டு, "உங்கள் சுருட்டுகள் பத்திரம், ஐயா" என்று சொன்னாராம்! சர்ச்சில் 1895இல் கியூபாவுக்கே போய் வந்தவர். இருபத்தோராவது பிறந்தநாள் அங்கேதான் கழிந்தது. (அந்தக் காலத்து லண்டனில் நம் திருச்சிச் சுருட்டுக்கும் மவுசு உண்டு. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே துப்புக் கொடுப்பது திருச்சிச் சுருட்டின் சாம்பல்தான்!)

அமெரிக்கர்களுக்கோ பழைய சுருட்டு என்றால் சட்டமே வேறு. 1962 பிப்ரவரியில் கியூபா மீது முழு வணிகத் தடைக்குக் கையெழுத்துப் போடும் முன், அதிபர் கென்னடி தன் செய்திச் செயலர் பியர் சாலிங்கரைக் கூப்பிட்டு, விடிவதற்குள் ஆயிரம் சிறு உப்மன் சுருட்டு வேண்டும் என்றார். சாலிங்கர் ஊரெல்லாம் தேடி 1,200 கொண்டுவந்தார். அதைக் கேட்டபிறகுதான் கென்னடி பேனா எடுத்தார்! சாலிங்கரே பிற்காலத்தில் எழுதிய கதை இது. தடைக்கு முன் நாட்டுக்குள் வந்துவிட்ட சுருட்டுக்கு அந்தச் சட்டம் பாயாது; ஆகவே அறுபது வயசு தாண்டிய அந்தக் கிழட்டுச் சுருட்டுகள் அமெரிக்க ஏலத்தில் இன்றும் வெளிப்படையாக விலைபோகின்றன. ருசி? பாதி மியூசியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கென்னடியின் சுருட்டுப் பெட்டி மட்டும், காலிப் பெட்டி, 1996 சோத்பி ஏலத்தில் 5,74,500 டாலருக்குப் போனது!

கியூபா அரசே இப்போது வயசை விற்கிறது. 2000 முதல் வரும் 'எடிசியோன் லிமிடாடா' வரிசைக்கு இரண்டு ஆண்டு முதிர்ந்த இலை, 'ரெசெர்வா'வுக்கு மூன்று ஆண்டு, 'கிரான் ரெசெர்வா'வுக்கு ஐந்து ஆண்டு. 2003 அறுவடை இலையில் கொஹீபா சிக்லோ ஆறு 'கிரான் ரெசெர்வா' 2009இல் வந்தபோது உலகம் முழுவதற்கும் மொத்தம் 5,000 பெட்டிதான், ஒவ்வொன்றிலும் 15 சுருட்டு! இவை எல்லாம் இலைக்கு வயசு. உருட்டிய சுருட்டையே பெட்டியோடு ஐந்து முதல் எட்டு ஆண்டு கியூபாவிலேயே வைத்திருந்து விற்பது 'அன்யெஹாடோஸ்'. நோய்க்காலம் வாங்குகிறவர் வீட்டில் கழிய வேண்டியதில்லை. விலைதான் அதற்கும் சேர்த்து!

இதில் ஒரு சிக்கல் உண்டு, ரசிகர்கள் சண்டை போடுவதும் இங்கேதான். எண்பதுகளின் சுருட்டு இன்றையதைவிட அருமை என்பவர், காலத்தைப் பாராட்டுகிறாரா, அன்றைய இலையையா? ஏனென்றால் செடியே மாறிவிட்டது! 1979-80இல் நீலப் பூஞ்சை நோய் கியூபாப் பயிரின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. பெயர்பெற்ற கொரோஹோ விதை தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஓரங்கட்டப்பட்டு நோய் தாங்கும் ரகங்கள் வந்தன. அதே பத்தாண்டின் கடைசியில் உற்பத்தியைக் கண்மண் தெரியாமல் கூட்டியதில், இழுத்தால் புகை வராத சுருட்டுகள் பெட்டி பெட்டியாகப் போயின. அவற்றை எத்தனை ஆண்டு பூட்டி வைத்தாலும் அடைப்பு திறக்காது. இளமையில் மட்டமாக இருந்தது கிழடானால் கிழட்டு மட்டம், அவ்வளவுதான்.

வயசுக்கு விலை வந்ததும் போலியும் வந்தது. கண்ணாடி மூடி போட்ட கொஹீபா பெட்டியைச் சுற்றுலாப் பயணிகளிடம் தள்ளிவிடுவார்கள். கொஹீபா அப்படி ஒரு பெட்டியில் வருவதே இல்லை! வெளிச்சம் பட்டால் சுருட்டு கெடும் என்ற அரிச்சுவடிகூட அந்தப் போலிக்காரருக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. ஜெனீவாவின் சீனோ டேவிடாஃப் பெயரில் 1968 முதல் கியூபாவிலேயே சுருட்டு உருட்டினார்கள். தரம் விழுந்துவிட்டது என்று சண்டை மூண்டு, 1989இல் அந்த நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுருட்டுகளைக் குவித்துத் தீ வைத்தது! இரண்டொரு ஆண்டில் உறவு முறிந்து, டேவிடாஃப் டொமினிகன் குடியரசுக்கு நடையைக் கட்டியது. அந்த நெருப்புக்குப் போகாமல் யார் யார் அலமாரியிலோ தங்கிவிட்ட கியூபா டேவிடாஃப் பெட்டிகளுக்கு இப்போது முப்பது வயசு தாண்டிவிட்டது. ஏலத்துக்கு ஒன்று வந்தால் போட்டி போட்டு விலை ஏற்றுகிறார்கள்!